மெழுகு வைத்த திருகு

மூன்று ஆம்பியர் என்றால் மூன்று ஆம்பியரும் எந்நேரமும் பாய்ந்துகொண்டே இருக்கும் என்றுதான் நான் நம்பினேன். குழாயைத் திறந்துவிட்டு அடியில் குடம் வைக்காவிட்டால் தண்ணீர் தரையில் ஓடுமே, அதுபோல அந்தப் போர்டின் மறுபக்கம் எதையும் மாட்டாமல் விட்டால் கரண்ட் வழிய இடமில்லாமல் உள்ளேயே தேங்கி, நேரம் பார்த்து வெடிக்கும் என்று நினைத்தேன். அதனால் போர்டை ஒரு ரப்பர் செருப்பின் மேல் வைத்து, இன்னொரு ரப்பர் செருப்பை நான் போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று வேலை பார்த்தேன். இதை நம்பியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. பி.காம். முடித்தவன். டவுணில் ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றில் இருபது வருஷமாக வேட்டிப் பிரிவில் நிற்கிறவன். ஒரு வேட்டியை விரலால் தொட்டு எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவேன். மற்றபடி உலகத்தில் நான் எதைத் தொட்டாலும் அதற்கு ஏதாவது ஆகிவிடும்.

அந்தப் போர்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு ஓரத்தில் இரண்டு சின்ன நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் பட்டாணிப் பருப்பு அளவுக்கு ஒரு பித்தளைத் திருகு. இரண்டு திருகையும் மூடி, உருக்கி ஊற்றிய மெழுகு. அந்த மெழுகில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அது என் லாத்தாவின் விரல். எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

லாத்தா என்னைவிட எட்டு வயது மூத்தவள். மேலப்பாளையத்தில் எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே முற்றம். மச்சான் ஷார்ஜாவில் இருந்தார், பிள்ளைகளும் அங்கேயே வேலைக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்த லாத்தா ஒரு தெர்மோகோல் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டைகளை வைத்துக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தாள். உள்ளே பன்னிரண்டு வோல்ட் பல்புகள், ஒரு குட்டி ஃபேன், சூட்டைப் பார்த்து விளக்கை அணைத்து ஏற்றும் ஒரு கருவி. எல்லாம் டவுணில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கி, அவளே பூட்டியது. தெருவில் கோழி வளர்க்கிற பெண்கள் எல்லாம் முட்டை கொண்டு வந்து கொடுப்பார்கள். யார் முட்டை எது என்று தெரிய வேண்டுமே, அதனால் பென்சிலால் எழுதுவாள். மாடி வீடு என்றால் 'மா', கிணற்று வீடு என்றால் 'கி'. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில் பெருக்கல் மேலே, மதியம் வட்டம் மேலே என்று திருப்பி வைத்தால்தான் உள்ளே இருக்கிற குஞ்சு ஓட்டில் ஒட்டாதாம். இந்தப் பென்சில் பழக்கம் முட்டையோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் அதில் ஒரு பெருக்கல் குறி விழும். மருந்து அட்டை, சிம்னி விளக்கு, நான் ஈத் பெருநாளுக்கு எடுத்துக் கொடுத்த சேலையின் பெட்டி, எதுவும் தப்பியதில்லை.

அந்த முறை, கரு இல்லாதவற்றை ஒதுக்கியது போக, பெட்டிக்குள் அறுபது முட்டைகள் இருந்தன. அவற்றில் ஏழு, கிணற்று வீட்டு மாமி கொடுத்தவை. மாமியிடம் இருந்தது ஒரே ஒரு கருப்புப் பெட்டைக் கோழி. அந்த ஏழு முட்டையைக் கொடுத்த மறுநாள் கோழியை நாய் தூக்கிவிட்டது. மாமி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு தினமும் மத்தியானம் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். "ஏளா, என் கோழி இன்னும் உள்ளதான இருக்கு?" என்று கேட்பாள். "இருக்கு மாமி" என்பாள் லாத்தா. வேறு பேச்சே இருக்காது.

முட்டை வைத்த பதினாறாம் நாள் காலையில் நான் பேப்பரைப் பிரித்தேன். 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்விநியோகம் இருக்காது.' எங்கள் பகுதி பெயர் இருந்தது. தேதியைப் பார்த்தேன். முட்டைக்குப் பத்தொன்பதாம் நாள். இருபத்தொன்றில் பொரிக்க வேண்டும். எட்டு மணி நேரம் சூடு இல்லாவிட்டால் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று லாத்தா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கவலைப்படாதீங்க லாத்தா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, கடைக்கு நான்கு நாள் லீவும் போட்டேன். லாத்தா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வரும்போது ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

திட்டம் என்னவோ லாத்தாவுடையதுதான். ஒரு பழைய கார் பேட்டரி கிடந்தது; அதில் சார்ஜ் ஏற்றி வைத்தால் கரண்ட் இல்லாத எட்டு மணி நேரமும் பெட்டிப் பல்பு எரியும். அவள் மகன் விட்டுப்போன லேப்டாப் சார்ஜர் ஒன்றும் இருந்தது. சார்ஜரை நேரடியாகப் பேட்டரியில் மாட்டினால் ஒன்று சார்ஜர் போகும், இல்லை பேட்டரி போகும். நடுவில் ஒரு போர்டு வேண்டும். வோல்ட்டை ஒரு அளவில் நிறுத்தி, கரண்டையும் ஒரு அளவுக்கு மேல் போக விடாமல் பிடித்துக்கொள்கிற போர்டு. அதையும், வோல்ட்டும் கரண்டும் அளந்து காட்டுகிற ஒரு கை மீட்டரையும் வாங்கத்தான் நான் டவுண் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"பாய், முதல்ல வெளிய ஒண்ணும் மாட்டாதீய. மீட்டரை வச்சுப் பாத்து இந்தத் திருகைத் திருகி பதிமூணு புள்ளி எட்டு வோல்ட்டுல நிப்பாட்டுங்க. அதுக்குப் பொறவு வெளிய வார சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மீட்டர் வழியா ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டு, ரெண்டாவது திருகை மூணு ஆம்பியர்ல நிப்பாட்டுங்க. அம்புட்டுத்தான்."

"சிவப்பையும் கறுப்பையும் சேக்கணுமா?"

"சேத்துத்தான் பாக்கணும்."

"வெடிச்சிராதா அண்ணாச்சி?"

"வெடிக்காம இருக்கதுக்குத்தான வே இந்தப் போர்டே."

சின்ன வயதிலிருந்து எனக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: சிவப்பும் கறுப்பும் சேரக்கூடாது. அந்த ஒன்றையும் இவர் பிடுங்கிவிட்டார். பஸ்ஸில் வரும்போது போர்டை மடியில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பின் மேல் போர்டை வைத்தேன். முதல் திருகைத் திருகினேன். மீட்டரில் பத்தொன்பது காட்டியது. பத்துச் சுற்று திருகினேன், அப்போதும் பத்தொன்பதுதான். போர்டு செத்துவிட்டது என்று அறிவித்தேன். "இன்னும் திருகுலே, அது பைய பையத்தான் இறங்கும்" என்றாள் லாத்தா. பதினெட்டாவது சுற்றிலோ என்னவோ திடீரென்று எண் சரசரவென்று இறங்கியது. நான் கத்தினேன். ஒருவழியாகப் பதிநான்கில் நிறுத்தினேன். பதிமூன்று புள்ளி எட்டு சொன்னாரே என்று லாத்தா கேட்டாள். "ஒரு விரக்கடை கூட விட்டேன் லாத்தா" என்றேன். வேட்டி அளக்கும்போது கட்டைவிரல் அகலம் விட்டு அளப்பது எங்கள் கடை வழக்கம். வாங்குகிறவருக்குச் சந்தோஷம். "துணியா அளக்கே, கூமுட்டை! பேட்டரி வெந்து போவும்லே!" என்று லாத்தா என் கையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கித் திருகி, பதிமூன்று புள்ளி எட்டில் நிறுத்தினாள். நிறுத்தியவள், போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது திருகு என் பொறுப்பில் விடப்பட்டது. மீட்டரில் கரண்ட் பார்க்க இரண்டு துளைகள் இருந்தன, ஒன்று சின்னக் கரண்டுக்கு, இன்னொன்று பெரிய கரண்டுக்கு. எது எது என்று எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு அந்த நேரத்தில் கண் தெரியவில்லை. ஏதோ ஒன்றில் குத்தினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சுவரில் பல்லி. நான் கண்ணைத் திறந்தபோது மீட்டரில் பூஜ்யம் இருந்தது.

அதன்பிறகு அந்தப் பூஜ்யம் அசையவே இல்லை. வலப்பக்கம் நாற்பது சுற்று, இடப்பக்கம் நாற்பது சுற்று. அந்தத் திருகுக்கு முடிவு என்பதே கிடையாது. நம் ஊர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்பது போல, போய்க்கொண்டே இருக்கலாம். பெட்டிக்குள் சூடு இருக்கிறதா என்ற கவலை வேறு. திருகை இரண்டு சுற்று சுற்றுவேன், ஓடிப்போய்ப் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு சுற்று, மறுபடி மூடி. "திறக்காதலே, ஈரம் போயிரும்" என்று லாத்தா சொன்னாள். சொன்னாள் என்பதா, எத்தனை தரம் சொன்னாள் என்பதா. நான் கேட்டேன், சரி என்றேன், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி திறந்தேன். உள்ளே முட்டைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பதினேழாம் நாள் காலையில் போர்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி தன் மேசையில் மாட்டிப் பார்த்தார். "இந்தா பாருங்க பாய், ஜோரா வேலை செய்யுது." அவருடைய மீட்டரில் மூன்று காட்டியது. எங்கள் வீட்டில் காட்டவில்லை என்று நான் சாதித்தேன். உங்கள் மீட்டரைக் கொண்டு வந்தீர்களா என்றார். மீட்டர் புதுசு, அதைச் சந்தேகப்படாதீர்கள் என்றேன். இப்படி வாதம் ஏறிக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆமா... இங்கனதான் நிக்காவ... சரி... சரிக்கா." போனை வைத்ததும் அவர் முகத்தில் ஒரு மாதிரி மரியாதை வந்துவிட்டது. "நீங்க சொல்லுததுதான் சரி பாய். வேற போர்டு தாரேன். நல்லா சோதிச்சுத்தான் தரணும். உக்காருங்க." உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம். எனக்கு இரண்டு தடவை டீ வந்தது. பிறகு புதுக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, ஒரு போர்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், பூஜ்யம். நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் மிகை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். வீட்டில் எர்த் சரியில்லை என்றேன். ஆற்றுத் தண்ணீர் ஊறின சுவர் என்றேன். இந்தத் தெருவில் கரண்டே ஒரு மாதிரி என்றேன். பெட்டி மூடியை எத்தனை தடவை தூக்கினேன் என்று கணக்கு இல்லை. கிணற்று வீட்டு மாமி வந்து வழக்கம்போல் கேட்டாள். லாத்தா பதில் சொல்லும் முன் நான் முந்திக்கொண்டு, "மாமி, நிலைமை கொஞ்சம் கஷ்டம்தான்" என்றேன். மாமியின் முகம் போன போக்கைப் பார்த்து லாத்தா என்னை முற்றத்துக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே வெகு நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது.

பதினெட்டாம் நாள் காலையில் அவளே சொன்னாள், "போய் மாத்திட்டு வாலே. பாளையங்கோட்டை பக்கமாப் போயி எனக்கு ரெண்டு மீட்டர் தலையணைத் துணியும் எடுத்துட்டு வா." துணி நம்ம கடையிலேயே இருக்கிறது என்றேன். "அந்த நிறம் வேண்டாம்" என்றாள். போனேன். அண்ணாச்சி மறுபடி உள்ளே போனார், மறுபடி டீ வந்தது, மறுபடி புதுக் கவர் வந்தது. "மூணாவது போர்டு பாய். இதுல பிரச்சினையே வராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பாளையங்கோட்டை போய், துணி எடுத்து, மத்தியானம் வந்து மாட்டினேன். பூஜ்யம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "லாத்தா, என்னால ஆவாது. மாமிக்கு நான் என்ன சொல்லுவேன்?"

லாத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மீட்டரை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். மகனுடைய பழைய பைக்கின் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கொண்டு வந்தாள். "முப்பத்தஞ்சு வாட்டு, பன்னெண்டு வோல்ட்டு. வகுத்துப் பாரு, பி.காமு." ஏறக்குறைய மூன்று வந்தது. "அப்ப இது நல்லா எரிஞ்சா மூணு ஆம்பியர் போவுதுன்னு அர்த்தம். லேசா மங்கினா, அந்த இடத்துலதான் போர்டு பிடிச்சு நிப்பாட்டுதுன்னு அர்த்தம்." எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன்.

பல்பை மாட்டினாள். அது கங்கு போல எரிந்தது. போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்தது. சிவப்பைக் கண்டதும் நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். கையில் ஒரு அடி விழுந்தது. மறுபடி மாட்டினாள், நான் மறுபடி கையைக் கொண்டு போனேன், இந்த முறை முதுகில் விழுந்தது. "அது ஆபத்துக்கு எரியலலே. அளவு வந்துட்டு, இதுக்கு மேல விடமாட்டேன்னு சொல்லுது."

பிறகு அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். உள்ளே கரு இல்லாத முட்டை என்று முதல் வாரமே ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்து பல்புக்கு முன்னால் பிடித்தாள். உள்ளே உயிர் இருக்கிறதா என்று இருட்டில் டார்ச் வைத்து முட்டையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. ஒரு கையில் முட்டை, ஒரு கையில் டெஸ்டர். திருகத் திருக, ஓடு ஆரஞ்சுச் சுளை மாதிரி வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. பளீரென்று நின்றது, சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு பைய எதிர்ப்பக்கம் திருகினாள். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. "இங்கன" என்றாள். போர்டைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு மறுபடி எரிந்திருந்தது.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இரண்டு திருகின் மேலும் சொட்டு விட்டு, ஆறுவதற்குள் கட்டைவிரலால் அழுத்தினாள். "இதுல இனி கை வச்சே, கை இருக்காது." பேட்டரியை மாட்டினாள். அன்று மத்தியானம் ஏற ஆரம்பித்து, மறுநாள் விடியும்போது பேட்டரி நிரம்பியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் ஒன்பது மணிக்குத் தெரு முழுவதும் ஃபேன் நின்றது. பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. "பேட்டரியை நீ பாரு, பெட்டியை நான் பாக்கேன்" என்று பேட்டரியை நீள வயரோடு முற்றத்துக் கொடுக்காப்புளி மரத்தடியில் வைத்து, பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூலும் போட்டாள். வோல்ட் மட்டும் பார்க்கலாம் என்று மீட்டரைக் கொடுத்தாள். எட்டு மணி நேரம் நான் அந்தப் பேட்டரியோடு இருந்தேன். பன்னிரண்டு புள்ளி ஐந்து. பன்னிரண்டு புள்ளி நான்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே குரல் கொடுத்தேன். "தெரியும்லே" என்று பதில் வரும். ஐந்து மணிக்கு வரும் என்று சொன்ன கரண்ட் ஐந்தேகாலுக்கு வந்தது.

இருபத்தொன்றாம் நாள் ஐம்பத்திரண்டு பொரித்தன. 'கி' போட்ட ஏழில் ஆறு. அதில் நான்கு கருப்பு. மாமி ஒரு குஞ்சைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "என் கோழி திரும்பி வந்துட்டு ளா" என்று சொன்னாள். எல்லோரிடமும் நான், மூன்றாவது போர்டு மட்டும்தான் நல்ல போர்டு, விடாமல் அலைந்து மாற்றி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஆமா, அலைஞ்சான்" என்பாள் லாத்தா.

இப்போது லாத்தா ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். பெட்டி கிணற்று வீட்டு மாமியிடம் இருக்கிறது. இந்த வாரம் மறுபடி பேப்பரில் மின்தடை அறிவிப்பு. மாமி போர்டு கேட்டு ஆள் அனுப்பினாள். எடுத்துத் தூசி தட்டினேன். மெழுகு அப்படியே இருந்தது. துடைப்பதற்காகத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு பொட்டளவு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில், தேய்ந்துபோய், நான் முதன்முதலில் கடைக்குப் போன நாளின் தேதி.

போன் போட்டேன். "லாத்தா, இந்தப் போர்டுல பின்னால உங்க குறி இருக்கு. முதல் நாள் தேதி இருக்கு."

"இப்பத்தான் திருப்பிப் பாத்தியாக்கும்?" என்றாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "மறுநா விடியக்கால நீ சுபுஹு தொழப் போயிருந்தப்ப பல்ப மாட்டிப் பாத்தேன். ஜம்முனு எரிஞ்சுது. மீட்டர்லதான் கோளாறுன்னு அப்பமே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல? ரெண்டு நாள் பைத்தியக்காரனாட்டம் அலைஞ்சேனே!"

"சொல்லியிருந்தா நீ வீட்டுல இருந்திருப்பேல்லா? பெட்டி மூடிய நீ திறந்த திறப்புல கரண்டு போவதுக்கு முன்னாலயே குஞ்செல்லாம் காஞ்சு செத்திருக்கும். அதான் அண்ணாச்சிக்குப் போனைப் போட்டு, தம்பிய அங்கனயே கொஞ்சம் உக்கார வைங்கன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்து முதல் முறையாகத் திறந்து பார்த்தேன். சின்னக் கரண்டுத் துளைக்கு நேராக ஒரு கண்ணாடிப் பியூஸ் கறுத்துப்போய்க் கிடந்தது. அன்றைக்கு 'டிக்' என்றது பல்லி இல்லை, நான் துளை மாறிக் குத்தியதில் இது எரிந்த சத்தம். அண்ணாச்சி எனக்கு மூன்று போர்டு கொடுக்கவும் இல்லை. ஒரே போர்டைத்தான் கவர் மாற்றி மாற்றிக் கொடுத்தார். அது முதல் நாளிலிருந்தே வேலை செய்தது.